கட்டுரை வெளியான பிறகும் யார் கண்ணிலும் படவில்லையா? ஆய்வு மாணவர்களுக்கான வழிகாட்டி

முதல் இரண்டு மூன்று கட்டுரைகளை வெளியிட்டுவிட்டு, ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கை சுழியமாகவே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இது. மேற்கோள் வராவிட்டால் ஆய்வில்தான் சரக்கில்லை என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். சில நேரம் அது உண்மைதான். ஆனால் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருப்பதும், முழுக்கட்டுரையைப் படிக்கப் பணம் கட்ட வேண்டியிருப்பதும், பிடிஎஃப்பைத் தேடுபொறியால் படிக்க முடியாததும் நம் பக்கத்தில் அதைவிட அடிக்கடி காணும் காரணங்கள். இவற்றைச் சரிசெய்யப் பெரும்பாலும் பைசா செலவில்லை. கீழே உள்ள முதல் மூன்று படிகளை மட்டும் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளியான பிறகு பெயரைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கும்.

1. பெயரை ஒரே வடிவத்தில் நிறுத்துங்கள்

தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். இதழ்களின் இணையப் படிவத்தில் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவதைக் காலியாக விட முடியாது. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. எஸ். முருகன் என்பவர் அந்தப் படிவத்தை மூன்று விதமாக நிரப்பலாம்:

கடைசிப் பெயர் கட்டத்தில் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால், மேற்கோள் பட்டியலில் அவர் ‘எஸ், எம்.’ ஆகிவிடுவார். அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தேடினால் கிடைக்கவே மாட்டார்.

தலைப்பெழுத்தை விரித்து முருகன் சுப்பிரமணியன் என்று போட்டால் ‘சுப்பிரமணியன், எம்.’ என்று பதிவாகும். மேற்கோளில் நிற்பது அப்பாவின் பெயர். கேட்க ஒருமாதிரி இருந்தாலும் குழப்பம் குறைவு.

முதல் கட்டத்தில் ‘எஸ்.’, கடைசிக் கட்டத்தில் ‘முருகன்’ என்று போட்டால் ‘முருகன், எஸ்.’ என்று வரும். நாம் வழக்கமாக எழுதுவதற்கு நெருக்கமானது இது.

உங்கள் பெயர் அரிதானதென்றால் மூன்றாவதே நல்லது. முருகன், கார்த்திக், பிரியா போல ஊரெல்லாம் இருக்கும் பெயரென்றால் இரண்டாவதற்குப் போங்கள். முடிவெடுக்கும் முன் அந்த வடிவத்தை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுள் ஸ்காலரில் தேடிப் பாருங்கள். உங்கள் துறையிலேயே இன்னொருவர் அதே வடிவத்தில் எழுதிக்கொண்டிருந்தால் அதைத் தவிருங்கள். முதலாவது வடிவம் யாருக்கும் வேண்டாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே உறுதி செய்யுங்கள். செந்திலில் ‘த’வுக்கு ‘டிஹெச்’சா ‘ஹெச்’ இல்லாத ‘டி’யா, தமிழ்ச்செல்வியின் ‘ழ’வுக்கு ‘இசட்ஹெச்’சா ‘எல்’லா என்பதைக் கட்டுரைக்குக் கட்டுரை மாற்றினால் கணினிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றும் பெண்கள் ஆதாரில் மாற்றினாலும் கட்டுரையில் மாற்ற வேண்டாம். கடவுச்சீட்டில் உள்ளபடிதான் கட்டுரையிலும் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெளிநாட்டுக் கருத்தரங்கின் விசா அழைப்புக் கடிதத்துக்கு மட்டும் கடவுச்சீட்டுப் பெயரைக் கொடுத்தால் போதும்.

நீங்கள் கவனமாக இருந்தும், கட்டுரையை அனுப்பும் நெறியாளரோ உடன் ஆசிரியரோ உங்கள் பெயரைத் தன் விருப்பப்படி நிரப்பிவிடுவது வழக்கம். உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் எப்படி வர வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதி அவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். மெய்ப்பு வரும்போது மறுபடி பாருங்கள். செலவில்லாமல் திருத்த அதுதான் கடைசி வாய்ப்பு. பதில் அனுப்பப் பெரும்பாலும் 48 மணி நேரம்தான் தருவார்கள்.

2. ஆர்கிட் எண் வாங்குங்கள்

ஆர்கிட் என்பது ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண். கடைசி இலக்கம் சிலருக்கு எக்ஸ் என்று இருக்கும். பிழை என்று பயப்பட வேண்டாம். இலவசம், ஐந்து நிமிட வேலை. மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

தனிப்பட்ட மின்னஞ்சலை முதன்மையாகவும் கல்லூரி மின்னஞ்சலை இரண்டாவதாகவும் கொடுங்கள். கல்லூரியை விட்டு வந்ததும் அந்த மின்னஞ்சல் முடங்கும். அதை மட்டும் நம்பியவர்கள் புதிதாக இன்னொரு எண் வாங்கி, ஒருவருக்கே இரண்டு எண் என்று ஆகிவிடுகிறது. அப்படி ஆகியிருந்தால் கணக்கு அமைப்புகளில் இரட்டைப் பதிவை நீக்கும் வசதி உண்டு. பெயரின் பிற வடிவங்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது; பழைய எழுத்துக்கூட்டல்களையும் தமிழ் வடிவத்தையும் அதில் சேருங்கள். பதிவுகள் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கட்டுரை அனுப்பும்போது எண்ணைக் கையால் தட்டாமல் ஆர்கிட்டுக்குள் உள்நுழைந்து இணையுங்கள். முதல் கட்டுரை வெளியானதும், உங்கள் பதிவில் தானாகச் சேர்க்க அனுமதி கேட்டு, கட்டுரைகளுக்கு அடையாள எண் பதியும் கிராஸ்ரெஃப் நிறுவனத்தின் செய்தி ஆர்கிட் உள்பெட்டியில் வந்து நிற்கும். ஒருமுறை சம்மதித்துவிட்டால், இந்த எண்ணுடன் கிராஸ்ரெஃப்பில் பதிவாகும் அடுத்தடுத்த கட்டுரைகள் தாமே வந்து சேரும். பலர் அந்த உள்பெட்டியைத் திறப்பதே இல்லை.

3. கல்லூரியின் பெயரை முழுதாக எழுதுங்கள்

‘அரசு கலைக் கல்லூரி’ என்று மட்டும் எழுதினால் எந்த ஊர்க் கல்லூரி என்று, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸுக்கு எப்படித் தெரியும்? கல்லூரியின் அதிகாரப்பூர்வப் பெயர், ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு, நாடு ஐந்தும் வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரிக்காரர்கள் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை விட்டுவிட்டால் கொல்கத்தாவின் பிரசிடென்சியோடு கலக்க இடமுண்டு. இணைப்புப் பெற்ற கல்லூரியில் இருப்பவர்கள் கல்லூரிப் பெயரை முதலிலும் பல்கலைக்கழகத்தைப் பிறகும் எழுதுங்கள். ஆய்வு நிறுவனங்களுக்கான ஆர்ஓஆர் என்ற இலவசப் பட்டியலில் உங்கள் நிறுவனத்தைத் தேடி, அதில் உள்ளபடியே எழுதுவது பாதுகாப்பு.

4. தலைப்பும் சுருக்கமும்

தேடுபவர் தட்டும் சொல் தலைப்பின் முன்பாதியில் இருக்க வேண்டும். ‘நொய்யல் ஆறு: சில பார்வைகள்’ என்பதை யாரும் தேட மாட்டார்கள். ‘திருப்பூர் சாயக்கழிவால் நொய்யல் கரை நிலத்தடி நீரில் ஏறிய உப்புத்தன்மை’ என்றால் சாயக்கழிவைத் தேடுபவருக்கும் கிடைக்கும், நிலத்தடி நீரைத் தேடுபவருக்கும் கிடைக்கும். சமன்பாடு, கிரேக்க எழுத்து, மேல்கீழ் எண்கள் தலைப்பில் வேண்டாம். ஒவ்வொரு தளமும் அவற்றை ஒவ்வொரு விதமாகச் சிதைப்பதால் மேற்கோள்கள் பொருந்தாமல் போகும்.

குறிச்சொற்களில் தலைப்பில் இருப்பதையே திரும்பப் போடுவது வீண். தலைப்பு ஏற்கெனவே தேடலில் இருக்கிறது. அதே பொருளுக்கு மற்றவர்கள் வைத்திருக்கும் பெயரைப் போடுங்கள். தலைப்பில் பனை என்று இருந்தால் குறிச்சொல்லில் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் என்ற அறிவியல் பெயர் வரட்டும். மருத்துவத் துறையினர் பப்மெட்டின் மெஷ் சொற்பட்டியலிலிருந்து எடுக்கலாம். சுருக்கத்தில் முறை, மாதிரி அளவு, முக்கிய எண் முடிவு மூன்றும் இருந்தே ஆக வேண்டும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுக்கட்டுரையைத் திறக்கலாமா என்று முடிவெடுப்பவர்களே அதிகம்.

5. இதழைத் தேர்ந்தெடுக்கும்போது

தரமான இதழ்கள் என்று வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்னமும் அந்த முத்திரையைக் காட்டி அழைக்கும் இதழ்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்கோபஸில் உண்டா என்பதை அந்த இதழின் தளத்தில் பார்க்காதீர்கள்; ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை இட்டுத் தேடி, சேர்க்கை எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். ஆண்டு பழையதாக நின்றிருந்தால் அந்த இதழ் நீக்கப்பட்டிருக்கலாம். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஸ்கோபஸ் பதிவில் உள்ள சமீபத்திய கட்டுரை ஒன்று அந்தத் தளத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

கட்டணம்: பெரிய பதிப்பகங்களின் திறந்த அணுக்க (வாசகர் பணம் கட்டாமல் படிக்கக்கூடிய) இதழ்களில் 1,000 முதல் 3,000 டாலர் வரை கேட்பது சாதாரணம், அதற்கு மேலும் போகும். பல பதிப்பகங்கள் ஏழை நாடுகளுக்குத் தரும் தானியங்கி விலக்குப் பட்டியலில் இந்தியா இல்லை. விலக்கோ தள்ளுபடியோ கேட்பதென்றால் அனுப்பும்போதே கேளுங்கள், ஏற்பு வந்த பிறகு கேட்டால் மறுத்துவிடுவார்கள். ஆசிரியரிடமும் வாசகரிடமும் காசு வாங்காத இதழ்களும் நிறைய உண்டு. திறந்த அணுக்க இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் ‘கட்டணமில்லை’ என்ற வடிகட்டியைப் போட்டால் அவை மட்டும் வரும். மேற்கோளுக்காகவே பணம் கட்டித் திறந்த அணுக்கம் வாங்குவது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அதே பயனை அடுத்த படியில் சும்மா பெறலாம்.

6. இலவசப் பிரதி ஒன்றை வெளியே வையுங்கள்

2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. ஆகவே இனி எல்லோரும் படிப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சுயநிதிக் கல்லூரியில் இருப்பவருக்கு அந்தத் திட்டம் கிடையாது. உங்களை மேற்கோள் காட்டக்கூடிய வெளிநாட்டு ஆய்வாளருக்கும் கிடையாது. எனவே சட்டப்படியான இலவசப் பிரதி அவசியம்.

இதற்கு ஒரு கட்டுரையின் மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். இதழுக்கு முதலில் அனுப்பிய வடிவம் முன்பிரதி. மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து, இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் வேர்டு அல்லது லேடெக்ஸ் கோப்பு ஏற்புப்பிரதி. பதிப்பகம் பக்கம் வடிவமைத்து, சின்னம் போட்டு வெளியிட்டது இறுதிப்பிரதி. சந்தா இதழ் என்றால் இறுதிப்பிரதியைப் பொதுவில் ஏற்ற உங்களுக்குப் பெரும்பாலும் உரிமையில்லை. எழுதியவர் நீங்களே என்றாலும் உரிமையைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டீர்கள். முன்பிரதியை அனேகமாக எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். ஏற்புப்பிரதியை உடனேயோ, 6 முதல் 24 மாதத் தடைக்காலம் முடிந்தோ வைக்கலாம். எந்த இதழுக்கு எது என்பதை பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓப்பன் பாலிசி ஃபைண்டரில் இதழ்ப் பெயரை இட்டால் சொல்லிவிடும். ஷெர்பா ரோமியோ என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான்.

செய்ய வேண்டியது: ஏற்புக் கடிதம் வந்த அன்றே ஏற்புப்பிரதியை பிடிஎஃப்பாக்கித் தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால், எது கடைசித் திருத்தம் என்று யாருக்கும் தெரியாத எட்டு வேர்டு கோப்புகள்தான் கிடைக்கும். முதல் பக்கத்தில் இதழ்ப் பெயரும், கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயும் சேருங்கள். கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியம் கல்லூரிக்குச் சொந்தமாக இருந்தால் அதில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஜெனோடோ களஞ்சியத்தில் ஏற்றலாம், இலவசம். ஜெனோடோவில் ஏற்றும்போது புது டிஓஐ வாங்காமல், ‘ஏற்கெனவே டிஓஐ உண்டு’ என்று சொல்லி இதழின் எண்ணையே கொடுங்கள். இல்லையேல் ஒரே கட்டுரைக்கு இரண்டு எண்ணாகி மேற்கோள் பிரியும்.

ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் பலர் கண்ணை மூடிக்கொண்டு இறுதிப்பிரதியை ஏற்றுகிறார்கள். இதே காரணத்துக்காக எல்செவியர் பதிப்பகமும் அமெரிக்க வேதியியல் சங்கமும் 2017இல் அந்தத் தளத்தின்மீது ஜெர்மனியில் வழக்குப் போட்டன. அங்கே விவரப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கோப்பை விதி பார்த்து ஏற்றுங்கள். பதிப்பகமே தரும் பகிர்வு இணைப்புகளையும் விட்டுவிடாதீர்கள்: எல்செவியர் இணைப்பு வெளியானதிலிருந்து 50 நாள் திறந்திருக்கும், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் 50 இலவசப் பிரதிகள் தரும்.

முன்பிரதியை ஆர்கைவ், பயோஆர்கைவ், மெட்ஆர்கைவ் போன்ற தளங்களில் வைக்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஏற்றியதை முழுதாக அழிக்க முடியாது. விலக்கிக்கொண்டாலும் பழைய வடிவம் அங்கேயே இருக்கும். உரிமம் தேர்ந்தெடுத்த பின் திரும்பப் பெற முடியாது, சந்தேகம் இருந்தால் ஆர்கைவின் சாதாரண உரிமத்தையே எடுங்கள். மெட்ஆர்கைவ் ஒற்றை நோயாளி அறிக்கைகளை ஏற்பதில்லை. காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பம் போட்ட பிறகே ஏற்றுங்கள். முன்பிரதியும் பொதுவெளிப்பாடுதான், புதுமை போய்விடும். இதழில் வெளியான பின், தலைப்பு மாறியிருந்தால் முன்பிரதிப் பக்கத்தில் இதழின் டிஓஐயைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

7. கணினியால் படிக்க முடிகிற பிடிஎஃப்

தமிழில் எழுதும் ஆய்வாளர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த கட்டுரை, கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு ஆங்கிலக் குப்பையாகவும் இருக்கும். உள்ளே எத்தனை நல்ல சொல் இருந்தாலும் தேடலில் வராது. சோதிக்க அரை நிமிடம் போதும்: பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் வந்தால் யூனிகோடு, வேறு எழுத்து வந்தால் பழைய எழுத்துரு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு மட்டும் இடம் மாறி ஒட்டினால், எழுத்துரு யூனிகோடுதான், பிடிஎஃப் ஆக்கிய விதம் தவறு. அச்சு வழியாக ஆக்காமல் வேர்டிலிருந்தே நேராக பிடிஎஃப்பாகச் சேமித்துப் பாருங்கள்.

கருத்தரங்க மலரோ கல்லூரி இதழோ பாமினியில்தான் போடுவோம் என்றால், உங்கள் யூனிகோடு கோப்பைத் தனியாகக் களஞ்சியத்தில் வையுங்கள். ஆங்கிலத் தலைப்பு, ஆங்கிலச் சுருக்கம், பெயரின் ஆங்கில வடிவம் மூன்றையும் கட்டாயம் சேருங்கள். கொரிய மொழியியலாளர் உங்கள் தொல்காப்பியக் கட்டுரையை வந்தடைய அந்த ஒரு வழிதான் இருக்கிறது.

எந்த மொழியானாலும் கூகுள் ஸ்காலர் எதிர்பார்ப்பவை இவை: கோப்பு 5 எம்பிக்கு மிகாமல் இருக்க வேண்டும். முதல் பக்கத்தின் உச்சியில் தலைப்பு, மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக, குறைந்தது 24 புள்ளி அளவில். அதற்குக் கீழே தனி வரியில் ஆசிரியர் பெயர்கள், 16 முதல் 23 புள்ளியில். கடைசியில் மேற்கோள் பட்டியலுக்குத் தெளிவான தனித் தலைப்பு. கல்லூரிச் சின்னமும் மலரின் பெயரும் தலைப்பைவிடப் பெரிதாக இருந்தால் மலரின் பெயரே கட்டுரைத் தலைப்பாகப் பதிவாகிவிடும். ஸ்கேன் செய்த படம் என்றால் எதுவுமே பதிவாகாது.

8. விவரப் பக்கங்கள்

கூகுள் ஸ்காலர் பக்கத்தைப் பொதுவில் திறந்து, கல்லூரி மின்னஞ்சலால் உறுதிப்படுத்துங்கள். ஜிமெயிலில் பக்கம் திறக்கலாம், ஆனால் தேடலில் அந்தப் பக்கம் காட்டப்படாது. கட்டுரைகள் தானாகச் சேரும் அமைப்பை நிறுத்தி, கேட்ட பிறகே சேர்க்கும் அமைப்பை வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயர்க்காரர் ஒருவரின் இருதய அறுவைக் கட்டுரையும் மேற்கோளும் உங்கள் கணக்கில் ஏறி, நேர்முகத் தேர்வில் பதில் சொல்ல முடியாமல் நிற்க நேரும்.

ஸ்கோபஸில் நீங்கள் பக்கம் திறக்க வேண்டியதில்லை, அதுவே உருவாக்கும். ஒருவருக்கு இரண்டு மூன்று எண் உருவாகியிருந்தால் ஆசிரியர் திருத்தக் கருவியில் இணைக்கக் கோரலாம். சந்தா தேவையில்லை, இலவசம். இந்தியாவில் பணிபுரிபவர்கள் இன்ஃப்ளிப்நெட் மையம் ஆய்வாளர் விவரங்களைத் தொகுக்கும் வித்வான் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

9. தரவையும் நிரலையும் தனியாக வெளியிடுங்கள்

கட்டுரையை விட அதன் தரவுத்தொகுப்பு அதிகம் மேற்கோள் பெறுவதும் உண்டு. ஜெனோடோவில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் கிடைக்கும், தனி டிஓஐயும் உண்டு. வெளியிடும் முன்பே அந்த எண்ணை ஒதுக்கி வாங்கிக் கட்டுரைக்குள் எழுதிவிடலாம். கிட்ஹப் நிரலையும் அதனோடு இணைக்கலாம். நேர்காணல், நோயாளி விவரம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தில் பொதுவெளியீட்டுக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

10. ஆட்களிடம் கொண்டு சேருங்கள்

உங்கள் மேற்கோள் பட்டியலில் இருப்பவர்களில் இன்றும் அதே பொருளில் எழுதிக்கொண்டிருக்கும் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு தனி மின்னஞ்சல் போதும். அவருடைய எந்த முடிவை எங்கே பயன்படுத்தினீர்கள், உங்கள் முடிவு அதோடு எங்கே ஒத்துப்போகிறது அல்லது முரண்படுகிறது என்று நான்கு வரி, கூடவே இலவசப் பிரதியின் இணைப்பு. ‘என்னை மேற்கோள் காட்டுங்கள்’ என்று எழுதாதீர்கள். எங்கே பகிர்ந்தாலும் டிஓஐ இணைப்பையே பகிருங்கள். கல்லூரி நூலகம் வழியாகத் திறந்த பக்கத்தின் முகவரியை ஒட்டினால் வெளியாளுக்கு அது திறக்காது.

வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில் ‘50 சைட்டேஷன் இவ்வளவு ரூபாய்’ என்று வரும் விலைப்பட்டியல்களை ஒதுக்குங்கள். அவர்கள் தரும் மேற்கோள்கள் போலிக் கட்டுரைகளிலிருந்து வருபவை. அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்படும்போது உங்கள் பெயரும் அந்தப் பட்டியலோடு சேர்ந்து நிற்கும். ‘நான் உன்னைக் காட்டுகிறேன், நீ என்னைக் காட்டு’ என்ற ஒப்பந்தமும் எண்களில் அப்படியே தெரியும். மதிப்பீட்டாளர் தன் கட்டுரைகளைத் திணித்தால், பொருத்தமானதை மட்டும் சேர்த்து, மற்றவற்றை ஏன் சேர்க்கவில்லை என்று இதழாசிரியருக்குப் பதில் கடிதத்தில் எழுதலாம்.

11. எப்போது பலன் தெரியும், தவறினால் என்ன செய்வது

இன்று உங்கள் கட்டுரையைப் படிப்பவர் தன் கட்டுரையை எழுதி, அனுப்பி, மதிப்பீடு முடிந்து வெளியாக ஓராண்டு எளிதில் ஓடிவிடும். அதற்குள் கணக்கைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

புதிய கட்டுரைகளை கூகுள் ஸ்காலர் வாரத்துக்குப் பலமுறை சேர்க்கிறது. ஆனால் ஏற்கெனவே பதிவானதில் ஒரு பிழையைத் திருத்த 6 முதல் 9 மாதம், சில நேரம் ஓராண்டுக்கு மேலும் ஆகும். மூலத் தளத்தில் பிழை இருக்கும்வரை அது திருந்தவே திருந்தாது. ஆகவே முதலில் இதழாசிரியருக்கு எழுதுங்கள். ஒரே கட்டுரையின் இரண்டு பதிவுகளை உங்கள் பக்கத்தில் ஒன்றாக்கினால் அது உங்கள் பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும், பொதுத் தேடலில் இரண்டும் அப்படியே இருக்கும்.

ஸ்கோபஸில் மேற்கோள் விடுபட்டிருந்தால் உதவி மையத்தில் எழுதலாம். மேற்கோள் காட்டிய கட்டுரையின் டிஓஐ, உங்கள் கட்டுரையின் டிஓஐ, அந்த மேற்கோள் பட்டியல் பக்கத்தின் பிடிஎஃப் மூன்றும் வேண்டும். சில வாரங்களில் சேர்த்துவிடுவார்கள். மேற்கோள் காட்டிய இதழே ஸ்கோபஸில் இல்லையென்றால் எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. கூகுள் ஸ்காலரில் 20, ஸ்கோபஸில் 9 என்று காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். விண்ணப்பப் படிவங்களில் எந்தத் தளத்தின் எண்ணைக் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு, எண்ணோடு பார்த்த தேதியையும் எழுதுங்கள்.